ஹெம்ப் பயிர் அறுவடைக்குத் தயாரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போதைப் பொருளான டி.எச்.சி மிகக் குறைவாக இருக்கும்படி தேர்ந்தெடுத்து வளர்க்கப்படும் கஞ்சா ரகங்களையே ஹெம்ப் என்கிறோம். நார், விதை, சி.பி.டி என்ற போதை தராத வேதிப்பொருள் நிறைந்த பூ ஆகிய மூன்றுக்காகவும் பல நாடுகளில் இது லைசென்ஸோடு திறந்தவெளியில் பயிராகிறது. இந்தப் பயிரில் விதைப்பதும் களையெடுப்பதும் பெரிய சவால் இல்லை. எந்த நாளில் அறுப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒரு வாரம் முந்தினாலும் பிந்தினாலும் நஷ்டம் வருகிறது. அது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கஞ்சாச் செடி எந்த ரகமானாலும், பெரும்பாலான நாடுகளில் அனுமதி இல்லாமல் வளர்ப்பது குற்றம். இங்கே பேசுவதெல்லாம் அனுமதி பெற்ற வயலைப் பற்றி மட்டும்தான்.

விதைத்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் போதாதா?

போதாது. நாருக்கு 70 முதல் 90 நாள், விதைக்கு 110 முதல் 150 நாள் என்று பொதுவாகச் சொல்வார்கள். வேலையாட்களையும் இயந்திரத்தையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய அந்தக் கணக்கு உதவும், அவ்வளவுதான்.

பெரும்பாலான ஹெம்ப் ரகங்கள் பகல் நீளத்தைப் பார்த்துப் பூப்பவை. பகல் ஏறக்குறைய 14 மணி நேரத்துக்குக் கீழே இறங்கும்போது பூக்கத் தொடங்கும். அதனால் ஒரே ரகத்தை ஒரு வயலில் முன்னதாகவும் பக்கத்து வயலில் ஒரு மாதம் தள்ளியும் விதைத்தால், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பூத்துவிடும். பின்னால் விதைத்தது குட்டையாக இருக்கும், நாள் கணக்கும் குறைவாக வரும். வடக்கு நாடுகளில் தேர்ந்தெடுத்த ரகத்தை நிலநடுக்கோட்டுக்கு அருகே கொண்டுபோய் விதைத்தால், அங்கே பகல் எப்போதுமே 12 மணி நேரத்தை ஒட்டி இருப்பதால், செடி முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடுவதும் உண்டு. பின்லாந்தின் ஃபினோலா போல, பகல் நீளத்துக்காக அதிகம் காத்திராமல் சீக்கிரமே பூக்கும் ரகங்களும் இருக்கின்றன. ஆகவே விதைத்த தேதியைவிடப் பூக்கத் தொடங்கிய தேதியைக் குறித்து வைப்பதுதான் பயன் தரும்.

அப்படியானால் எதைப் பார்த்து முடிவு செய்வது?

எந்தப் பாகத்தை விற்கப் போகிறோமோ அந்தப் பாகத்தைப் பார்த்து. இந்தச் செடி மொத்தமாக ஒரே நாளில் முற்றுவதில்லை. தண்டின் நார் நல்ல பதத்தில் இருக்கும்போது பூ பிஞ்சாக இருக்கும். விதை முற்றும்போது நார் முரடாகிப் போயிருக்கும். பூவுக்காக வளர்த்த வயலில் விதையே பிடிக்கக் கூடாது. "செடி முற்றிவிட்டதா?" என்று கேட்டுக்கொண்டு வயலைச் சுற்றி வந்தால் பதில் கிடைக்காது. நாரா, விதையா, பூவா என்பதை விதைக்கும் முன்பே முடிவு செய்து, கடைசி வரை அந்த ஒன்றை மட்டும் கவனித்தால் குழப்பமே வராது.

நாருக்கு வளர்த்த பயிரில் என்ன அடையாளம்?

ஆண் பூ. ஆண், பெண் தனித்தனியாக வளரும் ரகங்களில் ஆண் செடிகள்தான் முதலில் பூக்கும். அவை பூக்கத் தொடங்கியதிலிருந்து மகரந்தம் கொட்டி முடிக்கும் வரை உள்ள சில நாட்கள்தான் நல்ல மெல்லிய நாருக்கான காலம். செடியைத் தட்டினால் மஞ்சள் தூள் பறக்கும், அந்தக் கட்டம்.

தண்டின் பட்டையில் முதலில் உருவாவது நீளமான முதல்நிலை நார். நூல் நூற்க உகந்தது அதுதான். பூப்பு தொடங்கிய பிறகு, முக்கியமாக அடித்தண்டில், குட்டையான இரண்டாம்நிலை நார் பெருகும். கூடவே லிக்னின் என்ற மரப்பொருள் ஏறித் தண்டு கட்டையாகும். எடை கூடுகிறதே என்று காத்திருந்தால் கூடுவதில் பெரும்பங்கு இந்தத் தரம் குறைந்த சரக்குதான். தண்டில் பட்டைநார் ஏறக்குறைய கால் பங்கு, மிச்சமெல்லாம் உள்ளே இருக்கும் கட்டை. கட்டடப் பலகைக்கோ கால்நடைப் படுக்கைக்கோ அந்தக் கட்டையை விற்பவர் சற்றுக் காத்திருக்கலாம். துணி ஆலைக்கு அனுப்புபவர் காத்திருக்கக் கூடாது.

ஆணும் பெண்ணும் ஒரே செடியில் வரும் ஃபெடோரா, ஃப்யூடுரா போன்ற ரகங்களில் தனி ஆண் செடி அபூர்வம். அங்கே வயலில் பரவலாகப் பூ தெரியத் தொடங்கும் கட்டத்தையே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண் செடிகள் மட்டும் வாடிக் காய்கின்றன. நோயா?

இல்லை. மகரந்தம் கொட்டி முடித்ததும் ஆண் செடியின் ஆயுள் முடிந்துவிடும். பச்சை வயலுக்கு நடுவே அங்கங்கே காய்ந்த குச்சிகளாக அவை நிற்பது இயல்பு. நாருக்கு வளர்ப்பவர் இந்தக் காட்சியைப் பார்க்கிறார் என்றால் அறுவடைக்கு ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று பொருள். விதைக்கு வளர்ப்பவர் கவலைப்பட ஒன்றுமில்லை.

தண்டை வெட்டிவிட்டேன். எப்போது அள்ளுவது?

வெட்டியது பாதி அறுவடைதான். பட்டையைக் கட்டையோடு ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பசையை நுண்ணுயிர்கள் தின்று கரைக்க வேண்டும். அதற்காகத் தண்டுகளை வயலிலேயே பரப்பிப் பனியிலும் வெயிலிலும் கிடக்க விடுவார்கள், இல்லையென்றால் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். வயலில் கிடந்தால் வானிலையைப் பொறுத்து 2 முதல் 6 வாரம் ஆகும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒன்றரை வாரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் ஊறிய தண்ணீர் நாறும், அதை வெளியேற்றுவது தனித் தலைவலி.

பதம் பார்ப்பது கையால்தான். பச்சையும் மஞ்சளுமாக இருந்த தண்டு சாம்பல் நிறத்துக்கு மாறி, கரும்புள்ளிகள் படர்ந்திருக்கும். நடுத்தண்டிலிருந்து ஒரு சாண் நீளம் ஒடித்துப் பாருங்கள். உள்கட்டை 'சட்'டென்று முறிந்து, நார் முறியாமல் கட்டையிலிருந்து நாடா போல நெடுக உரிந்து வந்தால் பதம் சரி. உரிக்கும்போது நாரோடு கட்டைச் சில்லுகள் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் சில நாள் வேண்டும். இழுத்ததும் நாரே அறுந்தால் அளவுக்கு மீறி மட்கிவிட்டது, இனி அதை மீட்க முடியாது. அதனால் பாதிக் காலம் தாண்டியதும் தினமும் ஒடித்துப் பார்க்க வேண்டும். அடிப்பக்கமும் சமமாக மட்குவதற்கு நடுவில் ஒரு தடவையாவது புரட்டிப் போடுங்கள். கட்டும்போது ஈரம் 15 சதவீதத்துக்கும் கீழே இருக்கட்டும். இல்லாவிட்டால் கட்டுக்குள்ளேயே பூசணம் பிடிக்கும்.

விதை முற்றிவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது?

ஹெம்ப் விதை பூங்கொத்தின் அடியிலிருந்து நுனியை நோக்கி முற்றும். ஒவ்வொரு விதையையும் ஒரு சிறு பச்சைச் செதில் மூடியிருக்கும். விதை முற்ற முற்ற அந்தச் செதில் உலர்ந்து வாய் திறக்கும். உள்ளே சாம்பலும் பழுப்புமாக, பளிங்கு போல வரியோடிய விதை எட்டிப் பார்க்கும். பச்சையாகவோ வெளிறியோ, வரியே இல்லாமல் இருந்தால் அது பிஞ்சு.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். வயலின் நாலைந்து இடங்களில் பூங்கொத்தின் நடுப்பகுதியை உள்ளங்கையில் வைத்துத் தேயுங்கள். ஊதினால் செதிலும் பதரும் பறந்து, கனத்த விதை கையில் நிற்கும். ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்துங்கள். பால் பிதுங்கினால் ரொம்ப முந்தி வந்துவிட்டீர்கள். மெழுகு போல நசுங்கினாலும் பொறுக்க வேண்டும். ஓடு கெட்டியாக நின்று, கடித்தால் 'டக்'கென்று உடைந்து, உள்ளே வெண்மையான பருப்பு எண்ணெய்ப் பசையோடு இருந்தால் அது முற்றிய விதை. இப்படிப் பார்த்தவற்றில் 70 சதவீதம் முற்றியிருந்தால் அறுவடையைத் தொடங்கலாம்.

இன்னொரு நம்பகமான தகவல் பறவைகளிடமிருந்து வரும். முற்றிய விதை இருக்கிற வயலைப் புறாக்களும் குருவிகளும் நமக்கு முன்பே கண்டுபிடித்துவிடும். காலையில் கூட்டமாக வந்து இறங்கினால் அன்றைக்கே பூங்கொத்தைத் தேய்த்துப் பாருங்கள்.

நுனியில் இன்னும் பச்சை விதை இருக்கிறதே. மிச்சம் 30 சதவீதமும் முற்றட்டும் என்று விடலாமா?

இந்த ஆசைதான் விதை விவசாயியை அதிகம் கெடுக்கிறது. நுனி முற்றும் வரை நின்றால் அடியில் முற்றிய விதை தரையில் கொட்டிவிடும். முதலில் முற்றுவதுதான் கனமான, எண்ணெய் நிறைந்த விதை. இலேசான நுனி விதைக்காக அதை இழப்பது எந்தக் கணக்கிலும் சேராது. காற்றடித்தால் ஓர் இரவில் கணிசமான பங்கு உதிர்ந்துவிடும்.

இயந்திரத்தில் அறுப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. செடி காயக் காயத் தண்டின் நார் முறுக்கேறும். அறுவடை இயந்திரத்தின் சுழலும் பாகங்களிலும் பேரிங்குகளிலும் அது கயிறு போலச் சுற்றிக்கொள்ளும். உராய்வில் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்தும் இருக்கிறது. அதனால்தான் இலையில் இன்னும் பச்சை இருக்கும்போதே, விதைக் கொத்தை மட்டும் எடுக்கும்படி கத்தியை உயர்த்தி வைத்து அறுக்கிறார்கள்.

அறுத்த விதையை நாளைக்குக் காயவைக்கலாமா?

கூடாது. அன்றே, சில மணி நேரத்துக்குள் காற்றோட்டத்தில் வைக்க வேண்டும். அறுக்கும்போது விதையில் ஈரம் அதிகம், உடன் வரும் பச்சை இலைத்தூளில் அதைவிட அதிகம். குவித்து வைத்தால் குவியலின் நடுவே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறிவிடும். ஹெம்ப் எண்ணெயில் பெரும்பகுதி எளிதில் சிக்குப் பிடிக்கும் வகைக் கொழுப்பு, சூடு பட்டால் சீக்கிரம் காறும். சலித்து, தூற்றி, ஈரத்தை 8 முதல் 9 சதவீதத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் மூட்டை பிடிக்க வேண்டும். விதைக்கோ முளைகட்டவோ பயன்படப் போகிறது என்றால் அதிகச் சூட்டில் உலர்த்தாதீர்கள், முளைப்புத் திறன் செத்துவிடும்.

பூவுக்காக வளர்க்கிறேன். வெள்ளை முடியெல்லாம் பழுப்பாகிவிட்டது. அறுக்கலாமா?

அவசரப்படாதீர்கள். அந்த முடி பெண் பூவின் சூல்முடி, மகரந்தத்தைப் பிடிப்பதற்காக நீட்டிக்கொண்டிருப்பது. இளம் பூவில் வெள்ளையாக நிமிர்ந்து நிற்கும். முதிரும்போது பழுப்பாகிச் சுருண்டு உள்ளே மடங்கும். பாதிக்கு மேல் நிறம் மாறினால் காலம் நெருங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் முடி பொய் சொல்லும் சந்தர்ப்பங்கள் உண்டு. எங்கிருந்தோ மகரந்தம் வந்து விழுந்தால் பூ முதிராமலேயே முடி வாடிப் பழுப்பாகும். ஹெம்ப் மகரந்தம் காற்றில் பல கிலோமீட்டர் போகக்கூடியது. அருகில் நாருக்கோ விதைக்கோ வயல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். இரண்டு மூன்று செதில்களைப் பிளந்து பாருங்கள், உள்ளே விதை உருண்டு வருகிறதென்றால் முடியின் நிறத்துக்கு அர்த்தம் இல்லை. பலத்த மழையிலும், கை பட்டுத் தேய்ந்தாலும்கூட முடி கருகும். இதற்கு நேர்மாறாக, கடும் வெப்பத்தில் முற்றிய பூவின் உச்சியில் புதிதாக வெள்ளை முடி முளைத்து, பூ இன்னும் இளசு என்று எண்ணவைக்கும்.

லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்களே, எதைப் பார்ப்பது?

பூவின் மேல் பனித்துளி உறைந்தது போல மின்னும் பிசின் சுரப்பிகளை. ட்ரைக்கோம் என்பது இவற்றைத்தான். சி.பி.டியும் வாசனை எண்ணெய்களும் இவற்றின் தலையில்தான் சேருகின்றன. 30 முதல் 60 மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸ் போதும். மெல்லிய காம்பின் மேல் ஒரு குண்டுத் தலை, அதுதான் அவற்றின் வடிவம். தலை கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் இன்னும் நிரம்பவில்லை. பால் கலந்தது போல மங்கினால் நிரம்பிவிட்டது. தேன் நிறத்துக்கு மாறினால் உள்ளே இருப்பது பழசாகத் தொடங்கிவிட்டது. பெரும்பாலானவை மங்கலாகி, தேன் நிறம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டும் கட்டமே வழக்கமான அறுவடைக் காலம்.

எங்கே பார்க்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். பூவை ஒட்டிய சிறு இலைகளில் இருக்கும் சுரப்பிகள் முந்திக்கொண்டு நிறம் மாறும். அதைப் பார்த்து முடிவெடுத்தால் முன்கூட்டியே அறுத்துவிடுவீர்கள். விதையை மூடவேண்டிய அந்தப் பூச்செதிலின் மேல் இருப்பதைப் பாருங்கள். உச்சிப் பூவில் ஒன்று, நடுக்கிளையில் ஒன்று, அடியில் ஒன்று என்று பாருங்கள். உச்சி முந்தியும் அடி பிந்தியும் முதிரும் என்பதால், சிறிய வயலில் மேல்பாதியை முதலிலும் கீழ்ப்பாதியை ஒரு வாரம் கழித்தும் அறுப்பதுதான் என் தேர்வு. லென்ஸை ஆட்டாமல் பிடிக்க முடியவில்லை என்றால் ஒரு சிறு துணுக்கைக் கிள்ளி நிழலில் வைத்துப் பாருங்கள். நேர் வெயிலில் மங்கிய தலைகூடப் பளபளத்துக் கண்ணாடி போலத் தோன்றும்.

பூ முழுதாக முதிரும் வரை காத்திருந்தால் நல்லதுதானே?

செடிக்கு நல்லது, உங்கள் லைசென்ஸுக்கு நல்லதல்ல. பூ பயிரில் மிக முக்கியமான விஷயம் இதுதான்.

சி.பி.டியும் டி.எச்.சியும் பூ முதிர முதிரச் சேர்ந்தே ஏறும். சி.பி.டி ரகங்களில் இரண்டுக்கும் இடையிலான விகிதம் செடியின் பரம்பரையிலேயே ஓரளவு நிர்ணயமாகிவிடுகிறது, ஏறக்குறைய 20-க்கு 1 முதல் 30-க்கு 1 வரை. உரத்தையோ தண்ணீரையோ மாற்றி அந்த விகிதத்தைப் பெரிதாக அசைக்க முடியாது. 25-க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். சி.பி.டி 7.5 சதவீதத்தைத் தொடும்போது டி.எச்.சி 0.3 சதவீதம் ஆகிவிடும். சி.பி.டி 10 சதவீதம் வரட்டும் என்று காத்திருந்தால் டி.எச்.சி 0.4.

அமெரிக்காவில் 2018-ஆம் ஆண்டு வேளாண் சட்டம் உலர் எடையில் 0.3 சதவீதத்தை எல்லையாக வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.2 ஆக இருந்த எல்லை 2023-இல் 0.3 ஆனது. சுவிட்சர்லாந்தில் 1 சதவீதம் வரை அனுமதி. எல்லை தாண்டிய பயிர் சட்டத்தின் கண்ணில் ஹெம்ப் அல்ல, அதை அழிக்கச் சொல்லலாம். ஆகவே பல ரகங்களில் சட்டம் அனுமதிக்கும் கடைசி நாள், லென்ஸ் காட்டும் நாளுக்கு முன்பே வந்துவிடுகிறது.

செய்ய வேண்டியது: பூக்கத் தொடங்கி ஒரு மாதம் ஆனதும் வாரம் ஒரு சாம்பிளை லேபுக்கு அனுப்புங்கள். எண்கள் ஏறும் வேகம் தெரிந்துவிட்டால் எல்லையைத் தொடும் வாரத்தை முன்கூட்டியே கணிக்கலாம். லேப் அறிக்கையில் டி.எச்.சி, டி.எச்.சி.ஏ என்று இரண்டு எண்கள் வரும். பச்சைப் பூவில் பெரும்பாலும் இருப்பது இரண்டாவது, சூடு பட்டால் டி.எச்.சியாக மாறும் அமில வடிவம். மொத்தக் கணக்குக்கு டி.எச்.சி.ஏ எண்ணை 0.877-ஆல் பெருக்கி முதல் எண்ணோடு கூட்ட வேண்டும். முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. அதிகாரிகள் உச்சிப் பூவிலிருந்துதான் சாம்பிள் எடுப்பார்கள், எனவே நீங்களும் உச்சியிலிருந்தே எடுங்கள். அமெரிக்க விதிப்படி அரசு சாம்பிள் எடுத்த 30 நாளுக்குள் அறுவடை முடிய வேண்டும். வேலையாள், உலர்த்தும் இடம் எல்லாம் தயாரான பிறகு சாம்பிளுக்கு ஆள் அழைப்பதுதான் புத்திசாலித்தனம்.

இலை மஞ்சளாகிறது, பூ ஊதாவாகிறது. இவை முற்றியதன் அறிகுறியா?

மஞ்சள் ஓரளவுக்கு. பூவுக்கும் விதைக்கும் தழைச்சத்தை அனுப்பிவிட்டு அடியிலிருக்கும் பழைய அகல இலைகள் பழுத்து உதிர்வது வழக்கம். ஆனால் வேரில் தண்ணீர் தேங்கினாலும், உரம் போதாவிட்டாலும் இலை மஞ்சளாகத்தான் ஆகும். ஊதா நிறம் குளிர்ந்த இரவில் சில ரகங்களில் வரும் நிறமி. முதிர்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மழை வருகிறது, பூ இன்னும் ஒரு வாரம் கேட்கிறது. என்ன செய்ய?

ஒருநாள் மழை, அப்புறம் வெயிலும் காற்றும் என்றால் பொறுக்கலாம். மழை நின்றதும் கிளைகளை மெல்ல உலுக்கித் தண்ணீரை உதிர்த்துவிடுங்கள். தொடர்ந்து மூன்று நான்கு நாள் ஈரமும் குளிர்ச்சியும் என்று வானிலை சொன்னால் அறுத்துவிடுங்கள். சற்று இளசான பூவை விற்க முடியும், பூசணம் பிடித்ததை விற்க முடியாது.

சாம்பல் பூசணம் கொழுத்த பூவின் உள்ளே தொடங்கும், வெளியே தெரியும்போது நடு முழுக்க அழுகியிருக்கும். முன்னறிவிப்பு ஒன்றுதான்: நன்றாக இருக்கும் பூவின் நடுவே ஒரே ஒரு சிற்றிலை மட்டும் திடீரென வாடியிருக்கும். அதைப் பிடித்து இழுங்கள். எதிர்ப்பே இல்லாமல் கழன்று வந்து, அடி பழுப்பாகக் குழைந்திருந்தால் அந்தப் பூவுக்குள் பூசணம் இருக்கிறது. ஒரு பையால் மூடி, நோயில்லாத பகுதியோடு சேர்த்து வெட்டி அப்புறப்படுத்துங்கள். காய்ப்புழு துளைத்த பூவிலும் இதே கதி வரும், புழுவின் எச்சம் பூசணத்துக்கு விருந்து. லேசான உறைபனியை முதிர்ந்த செடி தாங்கும், கடுமையான உறைபனிக்கு முன் அறுத்துவிட வேண்டும்.

ஒரே வயலிலிருந்து விதையும் நாரும் எடுக்கலாமா?

எடுக்கலாம், பலர் எடுக்கிறார்கள். அறுவடை நாளை விதைதான் முடிவு செய்யும். நார் முரடாகத்தான் கிடைக்கும், காகிதத்துக்கும் காப்புப் பலகைக்கும் போகும். விதை, பூ இரண்டையும் ஒன்றாக எதிர்பார்க்காதீர்கள். விதை பிடித்த பூவில் சி.பி.டி குறைந்துவிடும்.

நாளில் எந்த நேரம் நல்லது?

பூவுக்குக் காலையில், பனி காய்ந்த உடனே. வெயில் ஏற ஏற வாசனை எண்ணெய்களில் லேசானவை ஆவியாகிவிடும். விதைக்கு, உதிர்வதைக் குறைக்க, கொத்தில் சற்றே ஈரம் இருக்கும் முற்பகல். நாருக்கு நேரம் பெரிய விஷயமில்லை.

அறுத்த பூ காய்ந்துவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது?

கிளைகளை இருட்டான, காற்றோட்டமுள்ள அறையில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். 15 முதல் 21 டிகிரி வெப்பம், 50 முதல் 60 சதவீதம் காற்று ஈரம் இருந்தால் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் காய்ந்துவிடும். மின்விசிறியை நேராகப் பூவின் மேல் திருப்பாதீர்கள். வெளியே மொறுமொறுவென்று காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிடும். பூவைத் தாங்கும் சிறு காம்பை வளைத்துப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, ஒடிந்தால் பாத்திரத்தில் அடைக்கலாம். அடைத்த மறுநாள் திறந்து தொட்டுப் பாருங்கள். மேலே மொறுமொறுப்பாக இருந்த பூ மறுபடி மெத்தென்று ஆகியிருந்தால், உள்ளே இருந்த ஈரம் வெளியே வந்திருக்கிறது. உடனே வெளியே எடுத்து இன்னும் ஒரு நாள் பரப்பி வையுங்கள்.